கேஷ் புக்கும் பாஸ் புக்கும்

பிளஸ் ஒன்னில் காமர்ஸ் குரூப் எடுத்தவர்களிடம் எந்தப் பாடம் தூக்கத்தைக் கெடுத்தது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். வங்கிச் சரிகட்டும் பட்டியல். சுருக்கமாக பி.ஆர்.எஸ்.

விஷயம் சின்னதுதான். கடைக்காரரின் கேஷ் புக்கில் பேங்க் இருப்பு ஒரு தொகை இருக்கும். பேங்க் கொடுத்த பாஸ் புக்கில் வேறு தொகை இருக்கும். ஒரே கணக்கு, ஒரே பணம், ஆனால் இரண்டு எண். யாரும் திருடவில்லை. செக் எழுதிய அன்றே கேஷ் புக்கில் கழித்தாகிவிட்டது. வாங்கியவர் அதை இன்னும் பேங்கில் போடவில்லை, அவ்வளவுதான். எழுதியவரைப் பொறுத்தவரை பணம் கொடுத்தாகிவிட்டது. வாங்கியவர் கையில் இருப்பதோ வெறும் காகிதம்.

இதற்கும் அரசாங்க ஃபெல்லோஷிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. படித்த இளைஞர்களை ஒன்றிரண்டு வருடம் அரசு அலுவலகத்தில் உட்கார வைத்து, "சான்றுகளின் அடிப்படையில் திட்டம் போட உதவுங்கள்" என்று சொல்லும் ஏற்பாடுகள் இந்தியாவில் வரிசையாக வந்தன. மத்திய அரசு 2012-ல் ஒன்று நடத்தியது. மகாராஷ்டிரா 2015-ல் ஆரம்பித்தது. ஹரியானா 2016-ல் அசோகா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஒன்று கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் 2022-ல் முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் வந்தது. விளம்பரங்களில் "மாற்றம்", "தலைமைப் பண்பு", "புதுமை" என்று பெரிய பெரிய வார்த்தைகளாக இருக்கும். எல்லாவற்றையும் தட்டிவிட்டுப் பார்த்தால் அந்த இளைஞரின் வேலை பி.ஆர்.எஸ். போடுவதுதான். அரசாங்கத்தின் கேஷ் புக்கையும் மக்களின் பாஸ் புக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே இடிக்கிறது என்று பார்ப்பது.

பரீட்சையில் பட்டியல் இரண்டு பக்கமும் சமமானால் முழு மதிப்பெண். ஆபீஸில் அப்படி இல்லை. இடிக்கிற தொகை எது என்று கண்டுபிடித்த பிறகுதான் வம்பே ஆரம்பிக்கிறது. "இந்த வித்தியாசம் யாருடையது?" என்று ஒருவர் கேட்க வேண்டும், இன்னொருவர் "என்னுடையது" என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஃபெல்லோவுக்குக் கணக்குப் போடத் தெரியும். ஆனால் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடும் அதிகாரம் உண்டா?

இந்த யோசனை ஒன்றும் புதிதில்லை. லண்டனில் 1960-ல் தொடங்கிய ஓவர்சீஸ் டெவலப்மென்ட் இன்ஸ்டிட்யூட், அதாவது ஓ.டி.ஐ., 1963-லிருந்தே இளம் பொருளாதாரப் பட்டதாரிகளை வளரும் நாடுகளின் அரசுகளுக்கு அனுப்பியது. ஆப்பிரிக்க நாடுகள் அப்போதுதான் ஒன்றன்பின் ஒன்றாக விடுதலை பெற்றுக்கொண்டிருந்தன. வெள்ளைக்கார அதிகாரிகள் கப்பல் ஏறிவிட்டார்கள், அமைச்சகங்களில் நாற்காலிகள் காலி. 1966-ல் போட்ஸ்வானா விடுதலை பெற்றபோது அந்த நாட்டுக்காரர்களில் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர்கள் 22 பேர்தான் என்பது அடிக்கடி சொல்லப்படும் கணக்கு. நாடு முழுவதற்கும் 22! ஒரு காலேஜில் ஒரு வகுப்பில் கடைசி மூன்று பெஞ்சில் உட்காருபவர்கள் அதைவிட அதிகம்.

பிற்காலத்தில் பிரிட்டனில் வர்த்தக அமைச்சராக இருந்த வின்ஸ் கேபிள் இப்படிப் போனவர்தான். 1966 முதல் 1968 வரை கென்யா நிதி அமைச்சகத்தில் அதிகாரியாக இருந்தார். வயது இருபத்து மூன்று சொச்சம். அந்த வயதில் ஒரு நாட்டின் கஜானாக் கணக்கில் கைவைப்பது என்பது நினைத்துப் பார்த்தாலே கொஞ்சம் தலைசுற்றும்.

"ஆண்டவர்களே மறுபடி ஆலோசகர் வேஷத்தில் வருகிறார்களா" என்ற சந்தேகம் எழுவது நியாயம்தான். அதற்கு ஓ.டி.ஐ. வைத்திருந்த பதில் கணக்குப் பதிவு ரீதியானது. ஃபெல்லோ அந்த நாட்டு அரசின் ஊழியர். உள்ளூர்ச் சம்பளத்தை உள்ளூர் அரசு தரும், அதற்கு மேல் ஒரு தொகையை லண்டன் சேர்க்கும். ஆனால் லீவு கேட்க வேண்டியது உள்ளூர் மேலதிகாரியிடம், ரிப்போர்ட் கொடுக்க வேண்டியதும் அவரிடமே. சம்பளப் பட்டியலில் பெயர் இருப்பதால் கோப்பும் மேஜைக்கு வரும். இந்த ஒரு ஏற்பாட்டை அப்படியே ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி இந்தியாவுக்கு வரலாம்.

2011-ல் ஜெய்ராம் ரமேஷ் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சராக இருந்தபோது பிரதமரின் ஊரக வளர்ச்சி ஃபெல்லோஷிப் அறிவிக்கப்பட்டது. 2012-ல் முதல் அணி களத்துக்குப் போனது. போன இடங்கள் சாதாரண இடங்கள் இல்லை. மாவோயிஸ்ட் பிரச்சினை இருந்த மாவட்டங்கள். பஸ்தர், ஜார்க்கண்ட், ஒடிசாவின் உட்பகுதிகள். ஒரு கலெக்டருக்கு இரண்டு மூன்று இளைஞர்கள். டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் பயிற்சி கொடுத்தது.

அந்த மாவட்டங்களுக்கு அப்போது ஒருங்கிணைந்த செயல்திட்டம் என்ற பெயரில் தனிப் பணம் வந்துகொண்டிருந்தது. முதல் வருடம் மாவட்டத்துக்கு 25 கோடி ரூபாய், அடுத்த வருடம் 30 கோடி. எதற்குச் செலவு செய்வது என்று முடிவு செய்தவர்கள் மூன்றே பேர்: கலெக்டர், எஸ்.பி., வன அதிகாரி. பஞ்சாயத்துத் தலைவர்? எம்.எல்.ஏ.? அந்த மேஜையில் அவர்களுக்கு நாற்காலி இல்லை. இதை அப்போதே பலர் கண்டித்தார்கள். ஃபெல்லோவின் ஆய்வுக் குறிப்பு நேராகக் கலெக்டர் மேஜைக்குப் போகும், ஓட்டு வாங்கி ஜெயித்தவரின் மனு வரிசையில் நிற்கும் என்றால், அதில் கொஞ்சம் நெருடல் இருக்கத்தான் செய்யும். சான்று என்பது ஓட்டுக்கு மாற்று இல்லையே!

அந்த இடங்களில் பாஸ் புக்கைப் பார்க்கப் போவதே ஆபத்தான வேலை. அதே 2012 ஏப்ரல் 21-ம் தேதி, சத்தீஸ்கரின் சுக்மா கலெக்டர் அலெக்ஸ் பால் மேனன் ஒரு கிராமத்தில் மக்களைச் சந்திக்கப் போன இடத்தில் கடத்தப்பட்டார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தமிழ்நாடே டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்த நாட்கள் அவை. மே 3-ம் தேதி அவர் திரும்பி வந்தார். அவருடைய பாதுகாவலர்கள் இரண்டு பேர் கடத்தலின்போதே கொல்லப்பட்டிருந்தார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. ஏசி அறையில் உட்கார்ந்து "களச் சான்று போதவில்லை" என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதுவது எளிது. சில களங்களுக்குப் போய் வர என்ன விலை என்பதை அந்தப் பன்னிரண்டு நாட்கள் காட்டின.

மொழிச் சிக்கலும் சேர்ந்துகொண்டது. டெல்லியிலோ மும்பையிலோ படித்தவருக்கு இந்தி தெரியும். பஸ்தரில் பாட்டியிடம் பேச கோண்டியோ ஹல்பியோ வேண்டும். நடுவில் மொழிபெயர்ப்பவர் அரசு ஊழியராக இருந்தால், "ரேஷன் வருகிறதா?" என்ற கேள்விக்கு எந்தப் பதில் வந்து சேரும் என்று சொல்ல வேண்டுமா என்ன :-)

சரி, பி.ஆர்.எஸ்.-க்கு வருவோம். இந்தியாவில் அதற்கு ஒரு அருமையான உதாரணம் இருக்கிறது, நூறு நாள் வேலைத் திட்டத்தின் கூலி.

2005-ல் வந்த அந்தச் சட்டம் (2025 டிசம்பரில் அதன் இடத்துக்கு வேறு சட்டம் வந்துவிட்டது) வேலை செய்த 15 நாளுக்குள் கூலி தரச் சொன்னது. தாமதமானால் நாளொன்றுக்கு 0.05 சதவீதம் இழப்பீடு. ஆயிரம் ரூபாய்க் கூலிக்கு ஒரு நாளைக்கு ஐம்பது பைசா. தொகையைப் பார்த்து சிரிப்பு வரலாம். ஆனால் தாமதம் என்று ஒன்று ஏட்டில் பதிவானால்தான் அந்த ஐம்பது பைசாவும் வரும்.

பணம் போகும் பாதை இப்படி. வருகைப் பதிவேடு, வேலை அளவீடு, கூலிப் பட்டியல், பிறகு பணம் மாற்றச் சொல்லும் உத்தரவு. இதுவரை பஞ்சாயத்தும் ஒன்றியமும் செய்வது. அதன் பிறகு மத்திய அரசு ஒப்புதல் கொடுத்து, பணம் பேங்குக்குப் போய், தொழிலாளியின் கணக்கில் விழ வேண்டும். அரசின் கம்ப்யூட்டர் முதல் பகுதியில் ஆன தாமதத்தை மட்டும்தான் எண்ணியது. உத்தரவு தயாரானதும் அதன் கடிகாரம் நின்றுவிடும். செக் எழுதியாகிவிட்டது, கேஷ் புக்கில் கழித்தாகிவிட்டது! பேங்கில் பணம் விழ இன்னும் ஐம்பது நாள் ஆனாலும் ஏட்டில் தாமதம் பூஜ்யம்.

2016-17-ம் வருடத்துக்கு 10 மாநிலங்களில் 90 லட்சத்துக்கும் அதிகமான பரிவர்த்தனைகளை எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு, 21 சதவீதம்தான் உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்தது என்றது. பயன்படுத்தியது ரகசிய ஆவணம் எதையும் இல்லை. அரசின் சொந்த இணையதளத்தில் கிடந்த தகவல்தான். யாரும் இரண்டு ஏட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை, இவர்கள் பார்த்தார்கள். 2017-ல் மத்திய நிதி அமைச்சகமே ஒரு குறிப்பில், போதிய நிதி இல்லாததும் தாமதத்துக்கு ஒரு காரணம் என்று ஒப்புக்கொண்டது. 2018-ல் உச்ச நீதிமன்றம், இரண்டாவது பகுதியின் தாமதத்தைத் தள்ளிவிட முடியாது, அதுவும் கணக்கில் வர வேண்டும் என்றது.

இப்போது சங்கடமான கேள்வி. அந்த ஆய்வைச் செய்தவர்கள் ஃபெல்லோக்கள் இல்லை. வெளியே இருந்த ஆய்வாளர்கள். உள்ளே உட்கார்ந்திருக்கும் ஒரு ஃபெல்லோ இதைச் செய்திருக்க முடியுமா?

கணக்கு அவருக்கும் வரும். தகவல் இன்னும் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் கண்டுபிடித்ததை என்ன செய்வார்? கலெக்டரிடம் சொல்வார். கலெக்டர் நல்லவர் என்றே வைத்துக்கொள்வோம், தலையை ஆட்டுவார், "தாமதம் டெல்லியில் இருக்கிறது தம்பி, இங்கே நான் என்ன செய்ய?" என்பார். அதற்கு மேல் போக ஃபெல்லோவுக்கு வழி இல்லை. பத்திரிகையில் எழுத முடியாது, ஒப்பந்தம் இடம் கொடுக்காது. வழக்குப் போட முடியாது. வெளியே இருப்பவருக்குக் கோப்பு கிடைக்காது, ஆனால் வாய் இருக்கிறது. உள்ளே இருப்பவருக்குக் கோப்பு கிடைக்கிறது, வாயைக் கட்டியாயிற்று. ஃபெல்லோஷிப் வேண்டாம் என்பதற்கு இது காரணமாகாது. ஆனால் சேருகிறவருக்கு இந்த விலை முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். எந்த விளம்பரத்திலும் இதைப் போடுவதில்லை.

உள்ளே இருந்தால்தான் நடக்கும் வேலைகளும் உண்டு. கூலி பேங்கில் ஏறாமல் திரும்பி வருவதற்கு டெல்லி மட்டும் காரணமில்லை. கணக்கு எண்ணில் ஒரு இலக்கம் தப்பு. ஆதாரில் ஒரு பெயர், பேங்கில் ஒரு பெயர், வேலை அட்டையில் மூன்றாவது பெயர். இதெல்லாம் ஒன்றிய அலுவலகத்தில் ஒருவர் நான்கு நாள் உட்கார்ந்து பட்டியல் எடுத்தால் தீர்ந்துவிடும் கோளாறு. அங்கே இருப்பவருக்கு அந்த நான்கு நாள் கிடைக்காது. தினமும் மேலேயிருந்து "உடனடி" என்று பத்து கடிதம் வரும். ஃபெல்லோவிடம் இருக்கும் உண்மையான சொத்து பட்டம் இல்லை. யாரும் அவசரப்படுத்தாத நேரம்தான்.

ஆளும் நேரமும் எவ்வளவு முக்கியம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. 2014-ல் தமிழ்நாடு அரசு ஜே-பால் என்ற ஆய்வு அமைப்போடு ஒப்பந்தம் போட்டது, திட்டங்களைச் சோதித்துப் பார்க்க. அந்தக் காலத்தில் இங்கே நடந்த சோதனைகளில் ஒன்று அங்கன்வாடி பற்றியது. 320 அங்கன்வாடிகளில் குலுக்கல் முறையில் பாதியைத் தேர்ந்தெடுத்து, அரை நாள் வேலைக்கு ஒரு ஆளைக் கூடுதலாகப் போட்டார்கள். பெரிய படிப்பு படித்தவர் இல்லை, அந்தந்த ஊர்க்காரர். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது மட்டும் அவர் வேலை. ஏற்கெனவே இருந்த டீச்சர் சத்துணவு, எடை பார்ப்பது, ரிஜிஸ்டர் என்று மற்றதைப் பார்த்துக்கொண்டார். 18 மாதம் கழித்துப் பார்த்தால், பாடம் நடக்கும் நேரம் இரண்டு மடங்கு. கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் தெளிவாகக் கூடியிருந்தது. தொடர்ந்து வந்த குழந்தைகளிடம் கடுமையான சத்துக்குறைவும் குறைந்திருந்தது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சான்றின் அடிப்படையில் முடிவெடுக்க வேண்டும் என்று மேலே ஒரு புத்திசாலியை உட்கார வைக்கிறார்கள். அவர் சான்றைத் தேடி எடுத்துப் படித்தால், அது "கீழே இன்னொரு ஆள் போடுங்கள்" என்கிறது. ஒரு மாவட்டத்தில் ஒரு ஃபெல்லோவுக்கு ஆகும் செலவில் எத்தனை அங்கன்வாடிக்கு ஆள் போடலாம் என்று எந்த பி.காம். மாணவரும் ஐந்து நிமிடத்தில் கணக்குப் போட்டுவிடுவார். ஒரு நியாயமும் சொல்ல வேண்டும்: அந்தக் கணக்கை நிதித்துறைக்குப் புரியும்படி எழுதிக் கொடுக்கவும் யாராவது வேண்டும். அந்த ஒரு குறிப்பை ஒழுங்காக எழுதினால் ஃபெல்லோவின் இரண்டு வருடச் சம்பளம் வசூலாகிவிடும்.

2022-ல் தமிழ்நாடு தொடங்கிய திட்டம் முந்தையவற்றைப் பார்த்துக் கொஞ்சம் கற்றுக்கொண்டதாகத் தெரிகிறது. முதல் சுற்றுக்கு 30 பேர், இரண்டு வருடம், திருச்சி பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம் கல்விப் பங்குதாரர். தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நல்ல நிபந்தனை. பாஸ் புக்கை வைத்திருப்பவரிடம் நடுவில் ஆள் வைக்காமல் பேசலாம். வயது, கல்வித் தகுதி, அதன் பிறகு தேர்வுகள், நேர்காணல் என்று வடிகட்டல். கல்வித் தகுதியில்தான் ஒரு இடி. பொறியியல், மருத்துவம், சட்டம், வேளாண்மை, கால்நடை மாதிரி தொழிற்படிப்பில் முதல் வகுப்பு வேண்டும், இல்லையென்றால் கலை அறிவியலில் முதுகலை முதல் வகுப்பு. வெறும் பி.காம்.-க்குக் கதவு சாத்தியிருந்தது. மாட்டு வைத்தியருக்கு இடம் உண்டு, கணக்குப் பிள்ளைக்கு இல்லை! (மாட்டு வைத்தியர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், ஊரக வளர்ச்சியில் உங்கள் தேவை உண்மையிலேயே அதிகம்.)

கதவு திறக்காத வருத்தத்தை விட்டுத்தள்ளினாலும், பெரிய சிக்கல் இரண்டு வருடம் முடியும் நாளில் இருக்கிறது. மத்திய அரசின் அந்தப் பழைய ஃபெல்லோஷிப் சில ஆண்டுகளில் நின்றுபோனது. போனவர்களில் பலர் வேறு நல்ல வேலைகளில் இருப்பார்கள். அவர்கள் லேப்டாப்பில் தயாரித்த எக்செல் ஷீட்டுகள் எங்கே?

ஓ.டி.ஐ. ஏற்பாட்டில் ஃபெல்லோ ஒரு பதவியில் உட்கார்ந்தவர். அவர் போனால் அந்த நாற்காலி இருக்கும், நாற்காலிக்கு உரிய கோப்பு இருக்கும், அடுத்து வருபவர் அதைப் பிரிப்பார். மாவட்டத்தில் கலெக்டரின் நிழலில் வேலை செய்யும் ஃபெல்லோவுக்கு நாற்காலியே கிடையாது. ஆபீஸில் அவருக்குப் பெயர் "கலெக்டர் ஆள்". கலெக்டருக்கு டிரான்ஸ்ஃபர் வந்துவிட்டால் "பழைய கலெக்டர் ஆள்". அதோடு கதை முடிந்தது.

பக்கத்து மேஜையில் பதினெட்டு வருடமாக ஒரு உதவியாளர் இருப்பார். அநேகமாக பி.காம். படித்துவிட்டு குரூப் ஃபோர் எழுதி வந்தவர். எந்தக் கிளை மேனேஜர் போனை எடுப்பார், எந்த ஊரில் ஒரே பெயரில் நான்கு பேர் இருக்கிறார்கள், எந்தப் பஞ்சாயத்துக் கிளார்க் சனிக்கிழமைதான் அகப்படுவார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஃபெல்லோ வந்த புதிதில் இவரை "பழைய பஞ்சாங்கம்" என்று நினைப்பார். இவர் ஃபெல்லோவை "இரண்டு வருஷ விருந்தாளி" என்று நினைப்பார். இரண்டுமே பாதி உண்மை. எத்தனையோ அறிவிப்புகளில் ஃபெல்லோவுக்குப் பயிற்சி, வழிகாட்டி, சான்றிதழ் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கும். இந்த உதவியாளருக்கு அந்த எக்செல் ஷீட்டைச் சொல்லிக்கொடுக்க வாரத்தில் ஒரு மதியம் ஒதுக்க வேண்டும் என்று ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்? கடைசி மாதம் முழுவதும் பட்டியலை அவர் போட வேண்டும், ஃபெல்லோ பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க மட்டும் வேண்டும்.

ஏனென்றால் அடுத்த மாதமும் யாரோ ஒரு அம்மா பாஸ் புக்கை எடுத்துக்கொண்டு அந்த ஆபீஸுக்கு வருவார். "கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது என்கிறார்கள், பேங்கில் ஏறவில்லையே ஐயா" என்று கேட்பார். அப்போது அந்த மேஜையில் உட்கார்ந்திருப்பது ஃபெல்லோ இல்லை, அந்த உதவியாளர்.